கொழும்புக்குப் போய்வரும் இரத்தம்

உப்புவெளியில் பஸ் ஏறி அமர்ந்தபோது, முன் இருக்கையில் ஒரு தாய் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்ர பிள்ளையின்ர ரத்தம் மூண்டு தரம் கொழும்புக்குப் போயிட்டு வந்திட்டுது அக்கா. பிள்ளைதான் இன்னும் போகேல்ல.”

ஐந்து வயதிருக்கும் சிறுமி அவர் மடியில் மூச்சு வாங்கியபடி தூங்கினாள்.

“ரத்தம் ஏன் போகுது?”

“பிறக்கேக்கையே இவளுக்கு இதயத்தில ஓட்டை. இதயம் களைச்சால் ரத்தத்தில ஏதோ ஒண்டு கூடுமாம். அங்கதான் அளப்பினம். ஐஸ் பெட்டியில போகும்.”

“அதுக்கு மூண்டு தரமோ?”

“ரிசல்ட் ஒரு மாசத்துக்குத்தான் செல்லுபடியாகுமாம். கிளினிக் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. கொண்டுபோனால், பழசு எண்டு திருப்பியும் ரத்தம் எடுப்பினம்.”

இதில் பிழை சொல்ல முடியாது. இரண்டு விதிகளும் தனித்தனியே மிகச் சரியானவை.

“இண்டைக்கு நாலாவது தரம். இந்த முறை டொக்டர் துண்டு எழுதித் தந்தவர், ரிசல்ட் வந்த அண்டைக்கே காட்டலாமாம். நம்பர் கூடினால் ஒப்பரேஷன் லிஸ்டில மேல போடுவினம். குறைஞ்சால் இன்னும் பொறுக்கட்டாம்.”

“அப்ப கோயிலில கூடோணும் எண்டோ கும்பிடுறனீ, குறையோணும் எண்டோ?”

ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் நின்றது. தாய் சிறுமியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார்.

“ரெண்டையும் கேக்கப் பயமா இருக்கு அக்கா. பிள்ளையின்ர பேரையும் கிளினிக் நம்பரையும் சொல்லிப்போட்டு வந்திடுவன்.”