யாரும் கேக்காத சம்மதம்

இல்லண்ணே, அந்த ஸ்க்ரூ அப்படியெல்லாம் வராது. துருப்பிடிச்சுக் கெடக்கு. கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டு உக்காருங்க. என் பேர்ப்பலகை நாலு வருஷமாத் தொங்குது, இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினா புது அரசாங்கம் ஒண்ணும் கவுந்துடாது.

உங்களுக்கு என்ன சங்கடம்? கழட்டச் சொன்னாங்க, கழட்டுறீங்க. சட்டசபையையே நேத்து சாயங்காலம் கழட்டிட்டாங்க, இது வெறும் பலகை.

பழைய அரசாங்கத்தைச் சொல்லணும் முதல்ல. மூணு தலைமுறையா நம்மள ஆண்டாங்க, ஓட்டுன்னா எந்தக் கலர்னு காட்டல. ஊரை வேற நாட்டுக்குக் கைமாத்திட்டுக் கிளம்பப்போறோம்னு முடிவானதும்தான் தேர்தல் வச்சாங்க. வீட்டைக் காலி பண்றவன் கடைசி நாள்ல சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி. நாம அதுக்கே பூரிச்சுப் போயிட்டோம். நான் என்ன பெரிய பேச்சாளியா? பிரசவ வார்டு நர்ஸு. இந்தத் தெருப் புள்ளைங்க பாதி என் கையில வந்து விழுந்ததுங்க, அந்த அம்மாங்கதான் என்னை நிக்கச் சொன்னாங்க. நீங்க யாருக்குப் போட்டீங்க? வேணாம், சொல்லாதீங்க. இனிமே அந்த ரகசியத்துக்கு வேலையே இல்ல.

ஆமா, அதைத்தான் சபையில கேட்டேன். ஊரைக் கைமாத்துறீங்களே, ஊர்க்காரங்களைக் கேட்டீங்களான்னு. பழைய மந்திரி எந்திரிச்சு, உங்க உணர்வை மதிக்கிறோம்னார். புதுசா வரப்போறவங்களோட தூதர் பேட்டியில, உங்க உணர்வை வரவேற்கிறோம்னார். ஒருத்தர் மதிக்கிறார், ஒருத்தர் வரவேற்கிறார், பதில் சொல்லத்தான் ஆளில்ல. மாப்பிள்ளையைக் கேட்டாச்சு, தரகரைக் கேட்டாச்சு, சமையல்காரனைக்கூடக் கேட்டாச்சு. பொண்ணை மட்டும் கல்யாணம் முடிஞ்சதும் கேட்டுக்கலாமாம்.

இனிமே எல்லாம் நியமன உறுப்பினர்தான். அதுல ஒரு சௌகரியம் இருக்குண்ணே. தெருத்தெருவா அலைய வேணாம், தோத்துப்போற பயமில்ல. கழுத்து சுளுக்காமத் தலையாட்டத் தெரிஞ்சாப் போதும்.

என்னையும் கூப்பிட்டாங்க. அதே நாற்காலியில உக்காந்துக்கலாம், கேள்வி மட்டும் கேக்க வேணாம்னாங்க. முடியாதுன்னேன். அவங்க முகம் கொஞ்சம்கூட வாடல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும், வேற ஆளு கைவசம் இருக்குன்னு.

நாளைக்குக் காலையில அவர் வந்துடுவார். மேசையை ஜன்னல் பக்கம் போட்டுடாதீங்க, வெளிச்சம் பட்டா அவருக்கு ஒத்தைத் தலைவலி வந்துடும். கீழ டீக்கடையிலயும் சொல்லி வைங்க, சக்கரை ஆகாது. மத்தபடி தங்கமான மனுஷன். யார் சத்தமாப் பேசினாலும் சரி சரின்னுடுவார்.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? எனக்குத் தெரியாம இருக்குமா? கல்யாணம் ஆனதுலேருந்து அவரோடதானே குடித்தனம் பண்றேன். நேத்து சாப்பிட உக்காந்தப்போதான் சொன்னார். யாரோ உக்கார்றதுக்குப் பதிலா, பதவி நம்ம வீட்டுலயே இருக்கட்டுமேன்னார். நான் சாதத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்.

அந்தப் பையைக் கொஞ்சம் கீழ வரைக்கும் தூக்கிட்டு வரீங்களா? துணிமணி எல்லாம் அதுலதான். அக்கா வீட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும்.

நாளைக்குத் தலைவலி மாத்திரை எங்கன்னு அவர் கேப்பார். நியமிச்சவங்களைக் கேக்கச் சொல்லுங்க.