சாவி இல்லாத லாரி

ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மெக்கானிக், நகமெல்லாம் கிரீஸ். மற்றவர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அவருடைய மச்சான்.

"வண்டிக்கு சாவி வெச்சேன்னு ஒருத்தர் கோச்சிக்கினா இன்னா மச்சான் சொல்லுவே?" என்றார் மெக்கானிக்.

"யாரு கோச்சிக்கினது?"

"ரிட்டயர்டு சுபேதார் ஒருத்தரு. தோல் பதனிடற ஷாப்புல உப்பு போட்ட பச்சைத்தோல் ஏத்திக்கினு இருந்த பழைய லாரிய வாங்கியாந்து, இது மிலிட்டரி வண்டி, பழையபடி ஆக்கிக் குடுன்னாரு."

"மிலிட்டரின்னு எப்படித் தெரியும்?"

"நீல பெயிண்ட்ட சுரண்டினேன். அடியில பச்சை, அதுல மிலிட்டரி வண்டிக்குப் போடற அம்புக்குறி நம்பரு. உப்பு தின்ன பலகையெல்லாம் மாத்திட்டேன். ஆனா டேஷ்போர்டுல வெறும் சுவிட்சுதான், சாவி போட எடமே இல்ல. தோல் ஷாப்புக்காரங்க சாவியத் தொலைச்சிட்டு மாத்திட்டாங்கன்னு நெனச்சி, புதுசா லாக்கு போட்டேன்."

"நல்லதுதானே?"

"கழட்டுன்னுட்டாரு. மிலிட்டரி வண்டிக்கு சாவியே கெடையாதாம்."

"எவனாச்சும் ஓட்டிக்கினு போய்ட்டா?"

"நானும் அதான் கேட்டேன். 'டிரைவர் குண்டடி பட்டு விழுந்தா, மத்தவன் அவன் பாக்கெட்டுல சாவி தேடிக்கினு இருப்பானா?'ன்னாரு."

பள்ளிகொண்டாவில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். பஸ் கிளம்பியதும் மச்சான் கேட்டார்.

"அந்த மத்தவன் அவருதானான்னு கேட்டியா?"

"கேக்கல. லாக்கக் கழட்டிட்டேன்."