படத்தில் இல்லாத தும்மல்

அக்கா: நிறுத்து, நிறுத்து! கொஞ்சம் பின்னாடி போ.

சவுண்டு: எதுக்குக்கா? நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு…

அக்கா: போன்னா போ. கேப்டனும் வாள்காரியும் பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்காங்க. முகமூடிக்காரன் நடந்து வர்றான். ஒரு சத்தம் இல்ல. அப்புறம்…

சவுண்டு: அப்புறம் என்ன, அவன் போயிடறான், இவங்க தப்பிச்சுடறாங்க. அடுத்த சீன்.

அக்கா: நடுவுல ‘ஹச்’சுன்னு ஒண்ணு கேட்டுது.

சவுண்டு: காத்து.

அக்கா: காத்துக்கு ஜலதோஷமா?

சவுண்டு: கடல் காத்துக்கா… ஈரம் ஜாஸ்தி.

அக்கா: டேய் சவுண்டு, இந்த ஜப்பான் அனிமே கார்ட்டூனுக்கு முதல் எபிசோடுலருந்து தமிழ் வசனம் எழுதறவ நான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அது கேப்டன் கூட்டத்துல இருந்த ஓட்டவாயோட தும்மல்.

சவுண்டு: ஓட்டவாய்தான் செத்துட்டானே.

அக்கா: அதத்தான் நானும் கேக்கறேன். போன எபிசோடுலயே செத்தவன் இந்த எபிசோடுல எப்படிடா தும்முவான்?

சவுண்டு: பழைய டிராக் ஏதாவது தவறிப் போய் ஒட்டிக்கிட்டிருக்கும்…

அக்கா: தவறி? கரெக்டா முகமூடிக்காரன் பாறைகிட்ட வந்து நிக்கும்போது?

சவுண்டு: நீங்களே சொல்லுங்கக்கா. ஒளிஞ்சிருக்கற சீன்ல ஒரு தடவையாவது அவன் தும்மாம இருந்திருக்கானா?

அக்கா: இல்ல, சனியன்.

சவுண்டு: பத்திரமா வெச்சுக்கன்னு கேப்டன் குடுத்த வரைபடத்த என்ன பண்ணான்?

அக்கா: தின்னுட்டான்.

சவுண்டு: கோட்டைக்குள்ள போற ரகசிய வார்த்தைய யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க…

அக்கா: காவக்காரன்கிட்டயே பாட்டா பாடிக் காட்டினான். அந்தப் பாட்ட எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு! எத்தன நாள் அவன கரிச்சுக் கொட்டியிருப்பேன். சரி, அதுக்கும் இந்தத் தும்மலுக்கும் என்னடா சம்பந்தம்? அவன் செத்துப் போனப்போ இதே நாற்காலிலருந்து எழுந்து ஆடினது யாரு?

சவுண்டு: நான்தான்.

அக்கா: எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தது?

சவுண்டு: மிட்டாய் வாங்கினது முதலாளி. நான் விநியோகம் மட்டும்தான்.

அக்கா: அவருக்கு ஏன் இருக்காது சந்தோஷம்? ஓட்டவாய்க்குக் குரல் குடுக்க வந்தவங்க எல்லாம் அரை நாள்ல தொண்டைய பிடிச்சுக்கிட்டு ஓடிட்டாங்க. வேற வழியில்லாம அவரே மைக் முன்னாடி நின்னு கத்தினாரு. வீட்டுக்குப் போனா பொண்டாட்டிகிட்ட பேசக் கூட குரல் இருக்காதாம்.

சவுண்டு: அதுல வீட்ல நிம்மதியா இருந்தாங்கன்னு கேள்வி.

அக்கா: பேச்ச மாத்தாத. நாய் விஷயத்துக்கு அப்புறம் அவரு என்ன சொன்னாரு?

சவுண்டு: அந்த நாய நான் விடலக்கா! நடுக்கடல் சீன் ஓடும்போது தெருவுல அது பாட்டுக்குக் குரைச்சுது. ஜன்னல் திறந்திருந்துது, அதுவும் பதிவாயிடுச்சு…

அக்கா: சேனல்காரங்க அவர எப்படிக் கிழிச்சாங்க தெரியுமில்ல? அதுக்கப்புறம் என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

சவுண்டு: ‘ஒரிஜினல்ல இல்லாத ஒரு மூச்சுச் சத்தம் கேட்டாலும் உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவேன்’னாரு.

அக்கா: இன்னும் கொஞ்ச நேரத்துல அவரே வந்து உக்காந்து ஃபைனல் கேக்கப் போறாரு.

சவுண்டு: தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா வெச்ச? இந்த வேலைய விட்டா உனக்கு வேற போக்கிடம் இருக்கா?

சவுண்டு: இல்ல… ஆனா அந்தப் பாறை சீன் வந்ததும் கை தானா போயிடுச்சுக்கா.

அக்கா: கைய உடைச்சு அடுப்புல வெக்க! எடு அத மொதல்ல. வேற எங்கெல்லாம் வெச்சிருக்க?

சவுண்டு: அவ்வளவுதான்.

அக்கா: சவுண்டு…

சவுண்டு: கேப்டன் கண் கலங்கிப் பேசும்போது ஒரு ஏப்பம்.

அக்கா: எடு.

சவுண்டு: சின்ன ஏப்பம்க்கா…

அக்கா: எடுடா!

சவுண்டு: அப்புறம் படிக்கட்டுல உருண்டு விழற மாதிரி ஒரு சத்தம். ரொம்ப தூரத்துல.

அக்கா: அந்த சீன்ல இருக்கறது பாலைவனம். படிக்கட்டு எங்கடா வந்துது?

சவுண்டு: அவன் விழணும்னா படிக்கட்டு தானா வரும்.

அக்கா: கருமம், கருமம். எல்லாத்தையும் எடு. ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது.

சவுண்டு: எடுத்துடறேன். ஆனா இதையும் எடுக்கணுமான்னு சொல்லுங்க. வாள்காரி கூடாரத்துல சோறு போடற சீன்.

அக்கா: அத ஏன் இப்ப கேக்கற? வேண்டாம். அத அப்படியே தள்ளிட்டுப் போ.

சவுண்டு: முதுகு காட்டி நிக்கறா. ஒரிஜினல்ல ஒரு வார்த்தை பேசல. நம்ம தமிழ்ல, ‘டேய், கைய கழுவிட்டு வா! கரண்டியத் தின்னாத, கரண்டியத் தின்னாத!’ன்னு சொல்றா. யார்கிட்டக்கா சொல்றா?

அக்கா: தனக்குத்தானே.

சவுண்டு: தன்னையே ‘டேய்’னா?

அக்கா: வாள் பிடிக்கற பொண்ணு. அப்படித்தான் பேசுவா.

சவுண்டு: கரண்டியத் தின்னுவாளா? ‘வாய் தெரியாத இடம் நம்ம ராஜ்ஜியம், முதுகு காட்டினா என்ன வேணா பேச வெக்கலாம்’னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான். இப்ப வசமா மாட்டினீங்களா?

அக்கா: மெதுவா பேசுடா… வெளியில கேக்கப் போகுது.

சவுண்டு: ஊருக்குத்தான் உபதேசம்.

அக்கா: நான் என்ன பண்ணுவேன்? அவ மூணு தட்டு எடுத்து வெக்கறாடா. அப்புறம் ஒண்ண மட்டும் திருப்பி உள்ள வெச்சுடறா. ஒரு வார்த்தை இல்லாம! பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. பேனா எடுத்துட்டேன்.

சவுண்டு: வாள்காரிக்குக் குரல் குடுக்கற பொண்ணு அந்த வசனம் பேசும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுதா தெரியுமா? ‘தூசி விழுந்துடுச்சு, இன்னொரு டேக்’னா.

அக்கா: அதையும் எடுத்துடு.

சவுண்டு: நிஜமாவா?

அக்கா: உன் வேலை போறத விட அது பெருசா? எடு. எல்லாத்தையும் எடுத்துட்டு, சுத்தமா ஒரு தடவ ஓட்டு.

சவுண்டு: இந்தாங்க… பாறை சீன். நடந்து வர்றான்… நின்னான்… போயிட்டான்.

அக்கா: அவ்வளவுதானா?

சவுண்டு: அவ்வளவுதான். தப்பிச்சுட்டாங்க.

அக்கா: என்னடா இது, இவ்வளவு சுலபமா?

சவுண்டு: அவன் இருந்தா மாட்டியிருப்பாங்க. சண்டை வந்திருக்கும், பாறை உடைஞ்சிருக்கும், கேப்டன் அவன ரெண்டு சாத்து சாத்தியிருப்பாரு. முக்கா எபிசோடு அதுலயே ஓடியிருக்கும்.

அக்கா: கதை நகரவே விடமாட்டேங்கறான்னு தலையில அடிச்சுப்பேன். இப்ப நல்லாத்தான் நகருது. நகர்ந்து என்ன பிரயோஜனம்? நல்லாவே இல்லடா.

சவுண்டு: எனக்கும் பிடிக்கலக்கா. கப்பல காப்பாத்தறதுக்கு எதாவது யோசிங்கடான்னு எல்லாரும் மண்டைய உடைச்சுக்கிட்டிருக்காங்க. இவன் பாட்டுக்கு வெடிகுண்ட வாயில போட்டு முழுங்கிட்டு, கடல்ல குதிச்சுட்டான். ஆயுசுக்கும் தப்புத் தப்பா தின்னவன், அந்த ஒண்ணே ஒண்ண மட்டும்தான் சரியா தின்னான்.

அக்கா: போதும்டா. மூக்கு ஒழுகுது. அடுத்தது ஓட்டு.

சவுண்டு: கடைசி சீன்தான். குன்று மேல அவனோட தொப்பிய வெச்சு எல்லாரும் தலை குனிஞ்சு நிக்கறாங்க. இங்க நான் எதுவும் தொடல, சத்தியமா.

அக்கா: நானும் தொடல. எல்லாருக்கும் வாய் நல்லா தெரியுது.

சவுண்டு: பாருங்க… அமைதி… அமைதி… என்னது?

அக்கா: என்ன?

சவுண்டு: ‘பசிக்குது’ன்னு யாரோ சொன்னாங்க.

அக்கா: மறுபடியுமா? உன்ன நல்லவன்னு நம்பினேன் பாரு…

சவுண்டு: ஐயோ, நான் இல்லக்கா! இருங்க, பெருசு பண்ணிக் கேப்போம்.

அக்கா: ‘பசிக்குது…’ அவனேதான்டா. அவன் குரலேதான்.

சவுண்டு: ஆனா இது பழைய டேக் இல்ல. அவன் சொன்ன ‘பசிக்குது’ எல்லாம் எனக்கு மனப்பாடம். எல்லாமே அலறல். இப்படி மெதுவா, தொண்டை அடைச்சுக்கிட்டு ஒரு தடவ கூட சொன்னதில்ல. புதுசா யாரோ பேசியிருக்காங்க.

அக்கா: அந்தக் குரல் வர்ற தொண்டை ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான இருக்கு? நேத்து நம்ம ரெண்டு பேரையும் ‘கரண்ட்டு வீணாகுது, சீக்கிரம் கிளம்புங்க’ன்னு விரட்டினது யாரு?

சவுண்டு: அடப்பாவி மனுஷா! என்னைய மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டு…

அக்கா: ஷ்… செருப்புச் சத்தம். வர்றாரு.

சவுண்டு: இத எடுக்கட்டுமா, விடட்டுமா?

அக்கா: விடு. கேட்டா, ஒண்ணும் கேக்கலன்னு அடிச்சு சொல்லு. நானும் சொல்றேன்.

முதலாளி: என்னப்பா, ஆச்சா?

சவுண்டு: ஆச்சு சார். சுத்தமா இருக்கு.

முதலாளி: நாய், பூனை ஒண்ணும் இல்லையே? உன் சீட்டு கிழிஞ்சுடும், பாத்துக்க.

சவுண்டு: கொசு கூட இல்ல சார். முதல்லருந்து ஓட்டட்டுமா?

முதலாளி: அதுக்கெல்லாம் நேரம் இல்ல. கடைசி சீன் மட்டும் போடு.

அக்கா: பாறை சீன் ஒரு தடவ பாத்துடுங்களேன் சார்…

முதலாளி: கடைசி சீன் போதும்மா. ம்… போடு. சத்தத்த கொஞ்சம் கூட்டு. இன்னும் கொஞ்சம்… ஆங்.

சவுண்டு: முடிஞ்சுது சார். எப்படி?

முதலாளி: நடுவுல ஏதோ… ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துதே?

சவுண்டு: இல்லையே சார்.

முதலாளி: அந்தத் தொப்பிய காட்டும்போது…

அக்கா: மயான அமைதி சார்.

முதலாளி: திருப்பிப் போடு. ரெண்டு பேரும் காத நல்லா தீட்டிக்கிட்டுக் கேளுங்க. இப்ப… இதோ… இங்க! கேட்டுதா?

சவுண்டு: காத்து சார்.

அக்கா: கடல் காத்து.

முதலாளி: காத்தாடா அது? காத்தா? அவன நினைச்சு, நெஞ்சு அடைக்க, அழுகைய அடக்கிக்கிட்டு, தனியா நின்னு திரும்பத் திரும்ப பேசினேன்… தொண்டையே போச்சு! அது கேக்கலன்னா உனக்கெல்லாம் எவன்டா சவுண்டு வேலை குடுத்தான்?