இரண்டு நேரம் கறக்காத மடி

"...ரெண்டு நேரம் கறக்கவே இல்ல ராத்தா. குட்டியையும் கிட்ட விடல்ல. ஆட்டுக் கண்காட்சியில மடி நெறஞ்சு தெரியோணும் எண்டுதான்."

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த இளம்பெண் பக்கத்தில் இருந்த மூத்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். காலருகில் துணி மூடிய புதுப் பால்வாளி ஒன்று இருந்தது.

"பரிசு கெடச்சது தானே?"

"ஓம், முதல் பரிசு. இந்த வாளிதான்."

"பொறகென்ன?"

"வீட்ட வாறத்துக்குள்ள மடி கல்லு மாதிரி ஆகிட்டு. கறந்தா ரத்தம் வருது. டொக்டர் ஊசி போட்டுட்டு, இனி ரெண்டு பக்கமும் பால் வராது எண்டுட்டார்."

"ஆட்டை விட்டுட்டு நீயே போய் நிண்டிருக்கலாம், பரிசு வேணுமெண்டா."

இளையவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. பஸ் எத்தாளையைத் தாண்டியது.

"பாலாவியில மாமிட ஆடு ஈண்டிருக்காம். அது பால் குடிக்க விட்டா இந்தக் குட்டி தப்பும்."

"விடாட்டி?"

இளையவள் குனிந்து வாளித் துணியை விலக்கினாள். உள்ளே சுருண்டு கிடந்த குட்டி தலையைத் தூக்கி மெல்லக் கத்தியது. தன் சுண்டுவிரலை அதன் வாயில் வைத்தாள்.