ஒரே அட்டை, ஒரே குழு

பெயர்: சக்கரபாணி. தகப்பனார்: காலஞ்சென்ற இராமதாஸ். வயது: 71. தொழில்: ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். விலாசம்: முதலியார்பேட்டை, புதுச்சேரி. 23.11.2007 அன்று காவல் நிலையத்தில் ஆய்வாளர் விசாரித்தபோது கூறியது:

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசிக்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெவே என்ற பள்ளித் தேர்வில் தேறியவன். எங்கள் குடியிருப்போர் சங்கப் படிப்பகத்தில் உள்ள கம்ப்யூட்டர் மூன்று வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்திருக்கிறேன். அவரவர் எழுதுவது அவரவர் ஃபோல்டரில் இருக்கும். பிள்ளைகள் செய்வதைப் பெற்றோர் பார்க்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதால், ஒரே ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்களை ஒரு குழுவாக்கி, ஒருவர் ஃபோல்டரை மற்றவர் திறந்து படிக்கும்படி அமைத்தேன். சங்கம் கேட்டது பிள்ளைகளின் ஃபோல்டரை மட்டும். எல்லோருக்கும் ஒரே விதியாக இருக்கட்டும் என்று நினைத்தது நான்.

எங்கள் தெரு அஞ்சலாட்சியின் மகள் கார்குழலி, வயது 27, அடுத்த தெரு வெற்றிவேலின் மனைவி. நான்கு மாதத்துக்கு முன் இடது கையில் மாவுக்கட்டோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் எதுவும் விசாரிக்கவில்லை. அவர் பெயர் கணவரின் அட்டையிலேயே இருந்தது.

15.11.2007 வியாழன் காலை 11 மணி அளவில் கார்குழலி படிப்பகத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து, ஒரு தாள் அச்சிட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னிடம், “சார், என்னை அவரு குரூப்புலேருந்து எடுத்துடுங்க” என்றார். அட்டையில் பெயர் நீக்கியதற்குத் தாள் வேண்டும் என்றேன். “கார்டு அவருகிட்ட இருக்குது. நான் போய்க் கேட்டா குடுப்பாரா சார்?” என்றார். திங்களன்று கமிட்டியில் கேட்கிறேன் என்றேன். “திங்கக்கிழம நான் இருக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தை ஃபோல்டரிலிருந்து அழிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

17.11.2007 சனி மாலை 4.10க்கு வெற்றிவேல் வந்து பதிவேட்டில் கையெழுத்திட்டார். அவர் வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்றதால் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, “தெறந்தா ஏ பி சி டின்னு கன்னாபின்னான்னு வருது சார். இன்னா எழவு இது?” என்றார். திறந்திருந்தது கார்குழலியின் கடிதம். எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் அவர் குழுவில் இருந்தார், விதி இடம் கொடுத்தது. தமிழ் எழுத்துரு தேர்வாகாததால் அப்படித் தெரிகிறது என்று சொல்லி, நானே எழுத்துருவை மாற்றிக் கொடுத்தேன். பிறர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உதட்டை அசைத்து மெல்லப் படித்தார். கனகசெட்டிக்குளம் என்ற சொல் என் காதில் விழுந்தது. 4.25க்கு எழுந்து, “என்னா இருந்தாலும் வாத்தியாரு வாத்தியாருதான்” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

19.11.2007 திங்கள் காலை 9 மணிக்கு, நான் கதவைத் திறக்கும்போதே வெற்றிவேல் வாசலில் நின்றிருந்தார். “அவ பேரை எடுத்துடுங்க சார். உள்ள அவ எழுதி வச்ச எல்லாத்தையும் அழிச்சிடுங்க. நீங்க தாளு இல்லாம செய்ய மாட்டீங்களே, இந்தாங்க” என்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கக் கோரும் படிவத்தை நீட்டினார். அது பூர்த்தி செய்யப்பட்டிருந்தது, இன்னும் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. கார்குழலி எங்கே என்று கேட்டேன். “எங்கயாச்சும் இருப்பா” என்றார்.

எந்தத் தாளுக்கும் நகல் எடுத்து வைப்பது என் வழக்கம் என்பதால், அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வழியில் வெயிலில் தாளைப் பிடித்தபோது, காரணம் கேட்கும் இடத்தில் ‘இடம் பெயர்வு’ என்பதற்கு எதிரே பேனாக் குறி இருந்தது. அதற்கு மேல் வரியில், ‘இறப்பு’ என்பதற்கு எதிரே, வெள்ளை மை பூசியிருந்தது. தாளைத் திருப்பினேன். அந்த வெள்ளைக்குப் பின்னால் முதலில் போட்ட குறி அழுத்தமாகத் தெரிந்தது.

திரும்பி வந்து அசலைக் கொடுத்தேன். அதன் பிறகு கார்குழலியைக் குழுவிலிருந்து நீக்கி, அவர் கணக்கை முடக்கினேன். ஃபோல்டரை அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று வெற்றிவேலிடம் பொய் சொன்னேன்.

21.11.2007 புதன் அன்று அஞ்சலாட்சி வந்து, ஞாயிறு விடியற்காலை புறப்பட்ட மகள் சென்னையில் தங்க ஏற்பாடு செய்திருந்த பெண்கள் விடுதிக்குப் போய்ச் சேரவில்லை என்று அழுதார். அப்போதுதான் அந்தக் கடிதத்தை முதல் முறையாகப் படித்தேன். விடுதிக் காப்பாளருக்கு எழுதியது. பஸ் நிலையத்தில் கணவர் ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால், ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, ஊருக்கு வடக்கே சென்னைச் சாலையிலுள்ள கனகசெட்டிக்குளத்தில் பஸ் ஏறுவதாக அதில் இருந்தது. அதன் பிறகும் இரண்டு நாள் பயந்து வீட்டிலேயே இருந்தேன். இன்று நானாக வந்தேன்.

கனகசெட்டிக்குளம் சவுக்குத் தோப்பில் கிடைத்ததாக இன்று எனக்குக் காட்டப்பட்ட பையில், நாலாக மடித்த அந்தத் தாள் இருந்தது. இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழுவது எங்கள் பிரிண்டரின் பழுது. அதனால் அடையாளம் சொல்கிறேன்.

படிவத்தின் நகலை ஒப்படைத்திருக்கிறேன். நகலில் அந்த இடம் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அசலைக் கிழித்துவிட்டதாக வெற்றிவேல் சொல்வதாக ஆய்வாளர் தெரிவித்தார். எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சொல்ல மாட்டேன். அந்தக் குறியையும் இரண்டு தடவை பார்த்தேன்.

இதுவரை சொன்னது அனைத்தும் நான் கண்டதும் செய்ததும்தான். படித்துக் காட்டக் கேட்டேன். குறி தெரிந்தது என்று சொன்ன இடத்தில் ‘ஒருவேளை’ என்று முதலில் நான் சொல்லியிருந்த சொல்லை, நானே கேட்டுக்கொண்டதன் பேரில் நீக்கினார்கள். மற்றபடி சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) சக்கரபாணி