பலகையில் எழுதிய நேரம்

பார்லி சூப்பை முந்தின நாளே வைத்துவிட வேண்டும். அன்றைக்கே வைத்து அன்றைக்கே பரிமாறினால் ஆட்டிறைச்சியின் சாரம் பார்லியில் இறங்காது. நீங்கள் குடிப்பது நேற்று வைத்தது. இன்று வருவீர்கள் என்று நினைத்தேன். குளிராக இருந்தால் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். இந்தக் கரையில் செப்டம்பரிலேயே எலும்பு வரை குளிரும்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கரும்பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் டோர்மட் நட்டது. கடல் இரண்டு பாறைக் கரைகளுக்கு நடுவிலுள்ள இந்த இடுக்கு வழியாகத்தான் உள்குடாவுக்குப் போய் வருகிறது. ஏற்றத்தில் உள்ளே பாயும், வற்றத்தில் வெளியே பாயும். இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் அசையாமல் நிற்கும். அந்த அரைமணிக்குள், முதுகில் காற்றுக் குப்பியோடு முக்குளிக்கிறவர்கள் கரையிலிருந்து இறங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு ஏறிவிட வேண்டும். அச்சடித்த ஏற்றவற்ற அட்டவணையில் துறைமுகத்து நேரம்தான் இருக்கும். இடுக்கின் நேரம் வேறு. அதை இருபது வருடம் இந்த ஜன்னலில் உட்கார்ந்து கணித்தவர் டோர்மட். கிளாஸ்கோவிலிருந்து வருகிறவர்கள்கூடத் தங்கள் கடிகாரத்தைவிட அவர் பலகையைத்தான் நம்புவார்கள். அவர் இறந்த பிறகு நீர் நிற்கும் நேரத்தைப் பலகையில் வாராவாரம் நான் எழுதினேன்.

அவர்கள் யாரும் மேலே என் வீட்டுக்கு வர மாட்டார்கள். உடை மாற்றுவார்கள், இறங்குவார்கள், சிரிப்பார்கள், கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு பிப்ரவரியில் பதினாறு நாள் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழாம் நாள் தபால்காரப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

முதல் முறை நடந்தது உண்மையிலேயே தவறுதான். குளிர்காலத்துக்காக அக்டோபர் கடைசியில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்களே, அதை மறந்து பழைய கணக்கிலேயே, ஒரு மணி தாமதமாக எழுதிவிட்டேன். ஸ்ட்ரூவன், கிரெக் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். நீர் நிற்கும் என்று நம்பி இறங்கியவர்களை ஏற்றம் அள்ளிக்கொண்டுபோய் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் மணல் திட்டில் தள்ளியது. கம்பளியைச் சுற்றி இதே அடுப்பின் முன்னால் உட்கார வைத்தேன்.

"பெரிய நீச்சல்காரன்னு பீத்திக்கிட்டான் அம்மா. உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உருண்டுக்கிட்டு வந்தான்," என்றான் கிரெக்.

"நீ மட்டும் என்னவாம்? என் காலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தானே வந்தே," என்றான் பெரியவன்.

இரண்டு நாள் தங்கினார்கள். வெளிக்கதவின் கொக்கியைச் சரிசெய்து கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். பலகையைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை; தாங்களே நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரம் அதிகம் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம் தள்ளி எழுதினால் போதும். அதுவும் வற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தை மட்டும்தான் மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு வருவது ஏற்றம். உள்ளே, என் மணலுக்குத்தான் தள்ளும். வெளிக்கடலுக்கு இழுக்கும் நேரத்தை ஒரு நிமிடம் பிசகாமல் எழுதினேன். அதில் விளையாட நான் என்ன கொலைகாரியா? ஆள் இறங்கியதும் போய்ப் பலகையைத் துடைத்துச் சரியான நேரத்தை எழுதிவிட்டு, கம்பளிகளை அடுப்பருகே காயப் போட்டு வைப்பேன். நான்கு வருடத்தில் ஒன்பது முறை. ஒரு பெண்ணுக்குச் செவிப்பறை கிழிந்துபோயிற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் கடிதம் போடுகிறாள்.

லோர்ன் வந்தது போன செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட இறங்கிய டகல் மணலுக்கு வந்து சேர்ந்தான். லோர்ன் வரவில்லை. லோர்னின் மனைவி ஊனா முக்குளிக்கிறவள் அல்ல. காரில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவளை நான்தான் கைத்தாங்கலாக மேலே அழைத்துவந்தேன். படகு வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. இரண்டு நாள் தேடிவிட்டுப் போனார்கள். அவர் கிடைக்காமல் ஊருக்குப் போக மாட்டேன் என்று ஊனா என்னோடு தங்கிவிட்டாள்.

நன்றாகப் பேசுவாள். லோர்ன் தூக்கத்தில் மாடுகளின் பேரைச் சொல்வாராம். சின்ன வயதில் பண்ணையில் வளர்ந்தவராம். அதைச் சொல்லி ஒருமுறை சிரித்தேவிட்டாள், பிறகு அழுதாள். "நீங்க மட்டும் இல்லைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும், இஷ்பெல்," என்றாள். டோர்மட்டுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் என் பெயரை யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் காலை, வற்றத்தில், கடல்நத்தை பொறுக்கப் போனேன். மணலைத் தாண்டிப் பாறைப் பிளவு ஒன்று இருக்கிறது. பாசிக்குக் கீழே அவர் கிடந்தார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. நான் போய்ச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவளுடைய அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போய்விடுவான். அந்த இடத்தை ஏற்கெனவே தேடி முடித்திருந்தார்கள். மேலே வந்து கொட்டகையில் இருந்த கயிற்றை எடுத்துப்போய் அவர் கணுக்காலைக் கல்லோடு சேர்த்துக் கட்டினேன். தண்ணீர் இழுத்துப் போய்விட்டால் அவளுக்குப் புதைக்க ஒன்றும் மிஞ்சாதே.

திரும்பி வந்தபோது ஊனா எனக்காக ரொட்டி சுட்டு வைத்திருந்தாள்.

தினமும் வற்றத்தில் போய் முடிச்சைப் பார்த்துவிட்டு வருவேன். அவளுக்காகத்தான் நான் கரையில் தேடி அலைகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "இந்தக் குளிர்ல எனக்காக இவ்வளவு சிரமப்படாதீங்க," என்று என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

பதினோராம் நாள் பெட்டியை அடுக்கினாள். "நாளைக்கு அண்ணன் வர்றாரு. எத்தனை நாளைக்குத்தான் உங்களுக்குப் பாரமா இருக்கிறது," என்றாள்.

"எனக்கு என்னம்மா பாரம்," என்றேன். அவள் கேட்கவில்லை. அதனால் மறுநாள் விடிந்ததும் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து, கரையில் என்னவோ தெரிகிறது என்று சொன்னேன். பிரேதப் பரிசோதனை, கையெழுத்து, சவப்பெட்டி என்று இன்னும் நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவள் என் தோளில் சாய்ந்தேதான் இருந்தாள். கணுக்காலில் கயிற்றின் தடம் விழும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருடம் கழித்து அந்தத் தடத்தின் படத்தை நீங்கள் மறுபடி எடுத்துப் பார்ப்பீர்கள் என்றும் தோன்றவில்லை.

நேரத்தை நான்தான் மாற்றி எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன். கட்டியதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஊனாவிடம் உங்கள் சந்தேகத்தையெல்லாம் போன வாரமே சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கடிதம் இல்லை. என்ன எழுதுவதென்று கூச்சப்படுகிறாளோ என்னவோ. வழக்குக்கு அவளும் வர வேண்டியிருக்குமே. விடுதியில் அறை எடுத்துக் காசைக் கரியாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாடியறையில் அவளுக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.