டைகர் வழிமறித்த பெட்டி

தாம்பரத்தில் ஏறிய மின்சார ரயிலில், எதிர் சீட்டில் ஆபீஸ் போகிற இருவர். இளையவர் ராஜகீழ்ப்பாக்கத்தில் புதுவீடு கட்டியிருக்கிறாராம்.

“குழந்தைங்க கேக்குது சார். அல்சேஷன் குட்டி ஒண்ணு வாங்கட்டுமா?”

“வேண்டாம்ப்பா. அதுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாம வேலை குடுக்கலேன்னா அதுவே ஒண்ணு வச்சுக்கும்.”

“உங்க டைகர் என்ன பண்ணுச்சு?”

“யார் வந்தாலும் உள்ளே விடும். வீட்டுலேர்ந்து எதையும் வெளியே எடுத்துட்டுப் போக விடாது. பழைய பேப்பர்காரன் மூட்டையைத் தூக்கினாக்கூட வாசல்ல மறிச்சுக்கும். போன மாசம் என் ஒய்ஃப் பெட்டியைத் தூக்கினாங்க. அப்பவும் மறிச்சுது.”

பல்லாவரத்தில் ஏறிய கூட்டத்துக்கு வழிவிட்டு மூத்தவர் காலை மடக்கிக்கொண்டார்.

“கல்லறைக்கு நேரமாச்சுன்னு பாஸ்டர் நாயைப் பிடிக்கச் சொன்னார். பிடிச்சேன். சங்கிலியை விட்டுடலாமான்னு இருந்துச்சுப்பா.”